சுவருக்கு அந்தப் பக்கம் மூத்த இளவரசி

அந்தத் தொடர் பதினோரு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் அரசர் மூன்று முறை செத்துவிட்டார். முதல் முறை விஷத்தால், இரண்டாம் முறை குதிரையிலிருந்து விழுந்து, மூன்றாம் முறை சம்பளம் கட்டுப்படியாகாமல். இளைய இளவரசியாக நடித்தவள் இரண்டு தடவை மாறினாள். அதில் ஒரு தடவை, அந்தப்புரக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனவள் ஒருத்தி, அதே காட்சியில் வெளியே வந்தவள் வேறொருத்தி. பட்டத்து யானைக்கு மட்டும் மாற்று ஆள் கிடைக்கவில்லை. அது எல்லோர் கண்ணெதிரிலும் கிழடு தட்டிப்போய், கடைசி இரண்டு வருடம் சிம்மாசனத்தின் முதுகில் சாய்ந்துகொண்டே நடித்துக் கொடுத்தது. இதில் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. சந்தேகம் இருப்பவர்கள் தங்கையைக் கேட்டுக்கொள்ளலாம். ஒரு நாள் விடாமல் பார்த்தவள் அவள்.

தங்கைக்குத் தொழில் பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புகிற வாய்களை பிளாஸ்டரில் வார்த்து, மெழுகில் ஈறு வைத்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, தேய்த்து, பளபளக்க வைத்து அனுப்புவாள். அந்தப் பக்கத்தில் அறுபது வயதைத் தாண்டியவர்களின் சிரிப்பில் பாதி அவள் கைவேலை. தொடரில் வருகிற மாந்தர்களைப் பார்த்துப் பார்த்து, வாய்களுக்கும் பதவி கொடுத்து வைத்திருந்தாள். நீளமான முன்பல் என்றால் மந்திரி. கடைவாய் தேய்ந்திருந்தால் சேனாதிபதி, ஆத்திரத்தில் பல்லைக் கடித்த ஆள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் ஆறு வருடமாக ராஜகுருவின் பல்லோடு வளைய வருகிறார். அவருக்கு அது தெரியாது.

அக்கா மருந்துக் கடையில் முப்பது வருடம் நின்றவள். டாக்டர்களின் கோழிக் கிறுக்கலை எழுத்துக் கூட்டாமல் படிப்பாள். சீட்டைப் பார்த்தே ஆளுக்கு என்ன வந்திருக்கிறது, இன்னும் எத்தனை நாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாளாம். பெரும்பாலும் சரியாக இருக்குமாம்.

இருவருக்கும் கல்யாணம் கூடிவரவில்லை. இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அப்பாவின் அறை அக்காவுக்கு, கூடம் தங்கைக்கு. நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு கதவு. அந்தக் கதவுக்குக் கூடத்துப் பக்கம் தாழ்ப்பாள் போட்டு ஐந்து வருடம் ஆகிறது. அக்கா பக்கவாட்டு வாசல் வழியாகப் போவாள், வருவாள். இருவரும் பேசிக்கொள்வதில்லை.

பேச்சு நின்றதற்குக் காரணமும் அந்தத் தொடர்தான். முடிசூட்டு விழா அத்தியாயம். அக்காவும் தங்கையும் கூடத்தில் உட்கார்ந்து, கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூத்த இளவரசியின் கிரீடத்துக்குள் தேள் வைக்கப்பட்டிருப்பது அவளைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த கட்டம். அப்போது அறையிலிருந்து அப்பா கைத்தடியால் சுவரில் தட்டினார். டக், டக், டக். மூன்று தட்டு என்றால் வா என்று அர்த்தம்.

"போயேன்டி, கூப்பிடறாரு" என்றாள் அக்கா.

"தண்ணி கேப்பாரு. நீ போக்கா. நேத்து நான்தான் போனேன்."

"உன் நாற்காலிதான் கதவுக்குப் பக்கம்."

"ரிமோட் உன் கையிலதான இருக்கு. நிறுத்திட்டுப் போ."

டிவியில் ஓடுவது கேசட் இல்லை, நிறுத்தினால் நிற்காது என்பது இருவருக்கும் தெரியும். மறுபடி மூன்று தட்டு. அப்புறம் இன்னொரு மூன்று. அப்புறம் ஒன்றே ஒன்று. தேள் கொட்டிவிட்டதா இல்லையா என்று தெரிந்துகொண்டு, விளம்பர இடைவேளையில் இருவரும் சேர்ந்தே எழுந்து போனார்கள். அப்பாவுக்கு இனி தண்ணீர் வேண்டியிருக்கவில்லை.

அவரை அனுப்பிவைத்த மறுநாள், யார் போயிருக்க வேண்டும் என்று ஆரம்பித்தது. நாற்காலி, ரிமோட். நாற்காலி, ரிமோட். மூன்றாம் நாள் அக்கா தன் நாற்காலியை அறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். தங்கை தாழ்ப்பாளைப் போட்டாள். அதன் பிறகு யார் முதலில் பேசுகிறார்களோ அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்ற நிலைமை. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் முத்திரை குத்தின அரசாணை மாதிரி இருவரும் அதைக் கடைப்பிடித்தார்கள்.

தங்கைக்கு அக்காவிடமிருந்து வேண்டியிருந்தது சொத்து இல்லை, சமாதானம்கூட இல்லை. ஒரே ஒரு வாக்கியம். 'அன்னைக்கு நீ மட்டும் காரணம் இல்லடி.' அதை அக்கா வாயால் கேட்டுவிட்டால் போதும், நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்திருந்தாள். வேறு யார் சொன்னாலும் அது செல்லாது. அந்தக் கூடத்தில் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தானே.

மாடியில் குடியிருந்த டெய்லர் தூதராக வேலை பார்த்தார். நாட்டில் எந்தத் தூதருக்கும் இவ்வளவு படி ஏறி இறங்கும் வேலை இல்லை.

"தங்கச்சி, மோட்டார் போடணுமாம். தொட்டி காலியாம். மூத்த சமஸ்தானத்துலேர்ந்து செய்தி."

"போட்டாச்சுன்னு சொல்லுங்க அண்ணே."

"அதை நீயே இந்தச் சுவரைப் பாத்து கொஞ்சம் சத்தமாச் சொன்னா என்ன? எனக்கு முட்டி தேயுது."

"சத்தமாச் சொன்னா பேசினதா ஆயிடும்."

"யாரோ பொம்மைக்குப் பட்டுப்பாவாடை கட்டி டிவில விட்டிருக்கான். அதுல அக்கா தங்கச்சி அடிச்சுக்கறாங்கன்னா அவங்களுக்குச் சம்பளம் தர்றான். உங்களுக்கு யாரும்மா தர்றாங்க?"

"உங்களுக்கு ஜாக்கெட் தைக்கத்தான் தெரியும். கதை தெரியாது."

"ஜாக்கெட்டாவது ஒழுங்கா முடியும்" என்று முனகிக்கொண்டே அவர் படி ஏறுவார்.

ஆனாலும் இருவரும் ஒரே தொடரை ஒரே நேரத்தில் பார்ப்பதை விடவில்லை. அக்காவிடம் கேபிள், தங்கையிடம் டிஷ். டிஷ்ஷில் படம் நாலு வினாடி பிந்தி வரும். அதனால் அரண்மனையில் நடப்பதெல்லாம் முதலில் அக்காவின் அறையில் நடந்து, நாலு வினாடி கழித்துத்தான் கூடத்துக்கு வந்து சேரும். அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. "ஐயோ" என்பாள், "அடிப்பாவி" என்பாள், சுவர் வழியாகக் கேட்கும். தனக்குத்தானே சொல்லிக்கொள்வது பேச்சில் சேராது. தங்கை கையில் டீயோடு உட்கார்ந்து, ஐயோ வந்துவிட்டது, இனி யாருக்கோ ஆபத்து என்று தயாராகிக்கொள்வாள். ஐந்து வருடத்தில் ஒரு அதிர்ச்சிக் காட்சிகூட அவளை அதிர வைத்ததில்லை. அதைக் குறையாகவும் அவள் நினைக்கவில்லை. ஒருமுறை அக்கா உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்த வாரம், தொடர் உப்புச் சப்பில்லாமல் போய், தங்கை பாதியில் அணைத்துவிட்டாள்.

ஐயோவுக்கு மேல் கரண்டியும் இருந்தது. தொடர் ஆரம்பித்ததும் அக்கா கரண்டியால் சுவரில் ஒரு தட்டு தட்டுவாள். இளைய இளவரசி அவமானப்படும் இடங்களில் இரண்டு தட்டு. அது கேலி. அக்கா மூத்தவள் கட்சி, தங்கை இளையவள் கட்சி என்பதைச் சொல்லவே வேண்டாம். தங்கையும் பிளாஸ்டர் உடைக்கும் சின்னச் சுத்தியலால் பதிலுக்கு இரண்டு வைப்பாள். மூன்று தட்டு மட்டும் யாரும் தட்டியதில்லை. அது அப்பாவுடையது. அந்தச் சுவரும் அதே சுவர்.

சிறப்பு அத்தியாயம் வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய வாரம் தொடரில் ஒரு பெரிய துரோகம் நடந்தது. மூத்த இளவரசி, செத்துப்போன அரசரின் மோதிரத்தை ஒரு சேடி கையில் கொடுத்து, 'அக்காள் மரணப் படுக்கையில் இருக்கிறாள்' என்று தங்கைக்குச் சொல்லி அனுப்பினாள். அப்பாவின் மோதிரத்தைப் பார்த்ததும் இளையவள் உருகிப்போய், பகையை மறந்து ஓடி வந்தாள். படுக்கையில் மூத்தவள் எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். காவலர்கள் இளையவளை நிலவறையில் தள்ளினார்கள். பல்செட் மேஜையில் வேலை பார்த்துக்கொண்டே அதன் மறுஒளிபரப்பையும் பார்த்த தங்கை, ஒரு வாரம் முழுக்கப் பொருமினாள்.

"அப்பன் பேரைச் சொல்லி ஏமாத்தறா அண்ணே. இதுக்கு மேல ஒரு கேடு உண்டா?"

"அந்தப் பொண்ணு போயிருக்கக் கூடாது" என்றார் டெய்லர், நூலைக் கடித்தபடி.

"அதைத்தான் நானும் சொல்றேன். நானா இருந்தா போயிருப்பேனா?"

இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை. நல்ல மனுஷர்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குச் சிறப்பு அத்தியாயம், இரண்டரை மணி நேரம். இளையவள் நிலவறையிலிருந்து தப்புவாளா என்பது தெரிந்துவிடும். அக்கா ஒரு தட்டு தட்டினாள். ஆரம்பம். இருபது நிமிடம் வழக்கம்போல் ஐயோவும் அடிப்பாவியும் வந்துகொண்டிருந்தன. அப்புறம் அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்த சத்தம். பாத்திரமாக இருக்கலாம். திரையில் இளையவளின் கூந்தலை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

டக், டக், டக்.

தங்கையின் டீ பாதி வாயில் நின்றது. நாலு வினாடி காத்துப் பார்த்தாள். திரையில் அதற்குத் தகுந்தாற்போல் ஒன்றும் நடக்கவில்லை. கூந்தல்தான் விழுந்தது.

மறுபடி மூன்று.

டீயைக் கீழே வைத்தாள். எழுந்துகூட விட்டாள். இரண்டடி வைத்தாள். பிறகு போன வாரத்து மோதிரம் நினைவுக்கு வந்தது. வந்த வேகத்தில் தலைக்கு ஏறியது. ஓகோ. அப்பா தட்டையே எடுத்தாச்சா? அஞ்சு வருஷம் தொடாததை இன்னைக்குத் தொடறியா? நான் பதறிப்போய்த் தாழ்ப்பாளைத் திறந்துகிட்டு 'என்னக்கா'ன்னு வந்து நிப்பேன், நீ நாற்காலியில உக்காந்து சிரிப்பே. 'நீ பேசினேடி முதல்ல, நீதான் பேசினே'ம்பே. அதானே?

"அந்த வித்தை வேற எவகிட்டயாவது காட்டு" என்று, பேச்சில் சேராத அளவுக்கு மெதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மூன்று தட்டு இன்னும் நாலைந்து முறை வந்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கீழேயிருந்து வந்தது போல இருந்தது. தங்கை சத்தத்தைக் கூட்டினாள். முதல் விளம்பரம் வந்தபோது, போய்ப் பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் தட்டு நின்றுவிட்டிருந்தது. பாத்தியா, ஏமாறலன்னதும் அலுத்துப் போச்சு என்று ஜெயித்த திருப்தியோடு டீயைக் குடித்து முடித்தாள். அது ஆறிப்போயிருந்தது.

இளைய இளவரசி தப்பித்தாள். நிலவறைச் சுவரை ஒரு கரண்டியால் சுரண்டியே சுரங்கம் போட்டுவிட்டாள். தங்கை கைதட்டினாள். சுத்தியலை எடுத்துச் சுவரில் இரண்டு வைத்தாள். பதில் இல்லை. மறுபடி இரண்டு. இளையவள் ஜெயித்து, அக்கா ஒரு 'அடிப்பாவி'கூடச் சொல்லாமல் இருந்ததில்லை. இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கடைசி இரண்டு மணி நேரமாக அந்தப் பக்கத்திலிருந்து தொலைக்காட்சியின் சத்தம் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. ஒரு ஐயோகூட இல்லை.

தாழ்ப்பாள் துருப்பிடித்து அசைய மறுத்தது. அதே சுத்தியலால் அடித்துத் திறந்தாள்.

அக்கா சுவரோரமாகத் தரையில் கிடந்தாள். கரண்டி இடது கையில் இருந்தது. அவள் வலது கைக்காரி.

"அக்கா" என்றாள் தங்கை. ஐந்து வருடப் போர் அந்த இடத்தில் முடிந்தது. தோற்றவள் யார் என்று கேட்க ஆள் இல்லை. அக்காவின் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. கண் மட்டும் தங்கையைப் பார்த்தது. முப்பது வருடம் மருந்துக் கடையில் நின்றவள். தனக்கு என்ன வந்திருக்கிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதெல்லாம் முதல் தட்டுக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

டெய்லரும் எதிர்வீட்டு ஆளும் சேர்ந்து தூக்கினார்கள். ஆம்புலன்ஸ் வந்து, ஆஸ்பத்திரி போய், தலையைப் படம் எடுத்து முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. டாக்டர் சின்ன வயதுப் பெண். கையில் ஒரு படிவம்.

"எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதும்மா? கரெக்டா சொல்லணும்."

"கூந்தலை அறுத்தப்போ" என்றாள் தங்கை.

"என்னது?"

"ரெண்டு இருபது. ரெண்டு இருபத்தொண்ணுக்குள்ள."

"அவ்வளவு சரியாச் சொல்றீங்க, அப்போ பக்கத்துலயே இருந்தீங்களா?"

"சுவருக்கு இந்தப் பக்கம்."

"கீழ விழுந்ததைக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"கூப்பிட்டாங்களா?"

"தட்டினா."

"நீங்க போய்ப் பாத்தது எப்போ?"

"நாலரைக்கு. முடிஞ்சதும்."

"என்ன முடிஞ்சதும்?"

தங்கை வாயைத் திறந்தாள், மூடினாள். வாய் என்பது எப்படித் திறக்கும், எப்படி மூடும் என்பதில் அவளைவிடத் தெரிந்தவர்கள் அந்த ஆஸ்பத்திரியில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். டெய்லர் முந்திக்கொண்டு, "வீட்டு வேலை, டாக்டர்" என்றார்.

டாக்டர் எழுதிக்கொண்டார். மூளை ரத்தக்குழாயில் அடைப்பு, அதைக் கரைக்க ஒரு ஊசி உண்டு, நோய் கண்ட சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன் உண்டு, இப்போது அந்த நேரம் தாண்டிவிட்டது என்று நிதானமாகச் சொன்னார். "கொஞ்சம் முன்னாடி…" என்று தொடங்கி, தங்கையின் முகத்தைப் பார்த்து அதை முடிக்காமல் விட்டார்.

ஏழு வாரம் கழித்து அக்கா வீட்டுக்கு வந்தாள். வலது பக்கம் வேலை செய்யவில்லை. பேச்சு போய்விட்டது. அது திரும்பாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சொல்வது புரிகிறதா என்று கேட்டதற்கு, புரிகிறது என்றும் இருக்கலாம், இல்லை என்றும் இருக்கலாம் என்றார்கள். தங்கை அவள் கட்டிலைக் கூடத்திலேயே போட்டாள். கதவைக் கழற்றி மாடிக்கு அனுப்பினாள். டெய்லர் அதில் துணி வெட்டுகிறார். அக்காவின் தொலைக்காட்சியை அணைத்து உறை போட்டாயிற்று. இப்போதெல்லாம் விஷம் வைக்கிற காட்சியில் தங்கைக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. முன்கூட்டிச் சொல்ல ஆள் இல்லை.

பேசுவதற்கு இனித் தடையும் இல்லை. தங்கை பேசினாள். ஐந்து வருடத்தையும் பேசினாள். எந்த வாடிக்கையாளருக்கு எந்த மந்திரியின் பல் என்பதுவரை சொன்னாள். ஒருநாள், சாப்பாடு ஊட்டி வாயைத் துடைத்துவிட்டு, அக்காவின் இடது கையில் அந்தக் கரண்டியைக் கொடுத்தாள்.

"அக்கா, அப்பா விஷயத்துல நான் மட்டும் காரணம் இல்லன்னா ஒரு தட்டு தட்டு. நான்தான்னா ரெண்டு. எதுன்னாலும் சரி."

அக்கா கரண்டியைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள். பிறகு கட்டில் சட்டத்தில் தட்டினாள்.

டக், டக், டக்.

"தண்ணி வேணுமா?"

வேண்டியதில்லை. போர்வை, தலையணை, கழிப்பறை எதுவும் வேண்டியதில்லை. தங்கை ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்து உட்கார்ந்தாள். மறுபடி மூன்று.

அன்றிலிருந்து அக்காவுக்குத் தெரிந்த எண் அது ஒன்றுதான். பசித்தாலும் மூன்று, ஈ உட்கார்ந்தாலும் மூன்று, ஒன்றுமில்லாவிட்டாலும் மூன்று. ஒவ்வொரு தடவையும் தங்கை எழுந்தாள். ஆறு முறை சும்மா கூப்பிட்டாலும் ஏழாவது முறையும் எழுந்தாள். தன் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அக்காவின் முகத்தில் சில சமயம் சிரிப்பு மாதிரி ஒன்று தெரியும். பாதி முகம்தான் அசையும். வாயை வைத்துப் பிழைக்கிறவளுக்கே அது சிரிப்பா, தசை இழுக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"வேணும்னே பண்றாளா அண்ணே?" என்று டெய்லரிடம் கேட்டாள்.

"எனக்குக் கதை தெரியாதுன்னு நீயே சொல்லியிருக்கே" என்றார் அவர். பிறகு மனசு கேட்காமல், "சும்மா கூப்பிட்டுப் பாக்கறாங்களோ என்னவோம்மா. வர்றியான்னு" என்றார்.

பதினோரு வருடம் ஓடிய அந்தத் தொடர் ஒரு மாலையில் முடிந்தது. தங்கை அக்காவைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்து, டீ போட்டுக்கொண்டு, பக்கத்தில் அமர்ந்தாள். யானை வரவில்லை, அது ஓய்வு பெற்றுவிட்டது. சிம்மாசனம் காலியாக இருந்தது. மூத்த இளவரசி நிலவறையில் கிடந்தாள், கதை அப்படித் திரும்பியிருந்தது. இளையவள் தீப்பந்தத்தோடு படி இறங்கி வந்து, கம்பிக்கு வெளியே நின்றாள். "தந்தையின் சாவுக்கு யார் காரணம்? இப்போதாவது சொல்" என்றாள். மூத்தவள் மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள். வாயைத் திறந்தாள்.

டக், டக், டக்.

தங்கை எழுந்தாள். திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து, அக்காவின் தலையைத் தூக்கி, டம்ளரை உதட்டில் வைத்தாள். அக்கா குடிக்கவில்லை. தண்ணீர் அசையாத பக்கத்து உதட்டோரம் வழிந்து கழுத்துக்குப் போனது. தங்கை துடைத்தாள். முதுகுக்குப் பின்னால் இசை பெரிதாக எழுந்து அடங்கியது.

அவள் திரும்பிப் பார்த்தபோது பற்பசை விளம்பரம். முப்பத்திரண்டும் சொந்தப் பல்லாக ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். தங்கை நாற்காலியில் உட்காரப் போனாள்.

மறுபடி மூன்று தட்டு.

"தோ வந்துட்டேன்க்கா" என்றாள்.